வியாகுலத்தின் ஐஸ் பெட்டி

கண்ணாடியைத் துடைக்கும்போது வியாகுலம் மூச்சை அடக்கிக்கொள்வார். மூச்சுப் பட்டால் கண்ணாடி மங்கும், மறுபடியும் முதலிலிருந்து துடைக்க வேண்டும். ஒரு கையில் பழைய செய்தித்தாள். இன்னொரு கையில், முடிதிருத்தும் கடைகளில் இருக்குமே, அதுபோல ஒரு தண்ணீர்ப் பீச்சி. கால்மாட்டிலிருந்து தலைமாடு வரைக்கும் ஒரே இழுப்பு. பிறகு தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் "தோ, போச்சு" என்று தன்னையே கடிந்துகொண்டு மறுபடியும் ஆரம்பிப்பார். துடைத்து முடித்ததும் ப்ளக்கைச் செருகிவிட்டு உள்ளே கையை நீட்டுவார். குளிர் ஏறியதும் கையை எடுத்து லுங்கியில் தேய்த்துக்கொண்டு டீ குடிக்கப் போவார். இது அவர் வீட்டு ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில், தினமும் காலையில் நடக்கிறது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து நான் தினமும் பார்க்கிறேன்.

பெட்டி என்றால் இறந்தவர்களைக் கிடத்தும் ஐஸ் பெட்டி. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் 'மாதா வாடகை நிலையம்' வியாகுலத்துடையது. நாற்காலி, சாமியானா, அண்டா, குண்டா, சீரியல் விளக்கு எல்லாம் கடையில் இருக்கின்றன. ஐஸ் பெட்டி மட்டும் வீட்டில் இருக்கிறது. கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதர்தான். அண்டா வை, குண்டா வை, அந்தச் சமாசாரம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகன் ராபினுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. ஊருக்கு வந்தால் பெட்டியின் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுப்பான். வீட்டில் அந்த இடத்தில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கிறதாம்.

வியாகுலத்தின் போன் பேச்சில் வணக்கம் கிடையாது. "சொல்லுங்க. எந்த ஊரு? கரண்ட்டு இருக்குதா? வாசக்காலு எவ்ளோ அகலம்?" இறந்தது யார் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். "யாருன்னு நான் கேட்டா அவங்க அழுவாங்க சார். அழுதா வாசக்கால அளக்க மாட்டாங்க. அங்க போனப்பறம் பொட்டி நொழையாம நிக்கணும்." இந்தப் பழக்கம் முற்றிப்போய், எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் நிலைப்படிக்குத்தான் போகும். போன தை மாதம் மாடவீதியில் ஒரு கிரகப்பிரவேசம். ஊரே மார்பிளைப் புகழ்ந்துகொண்டிருக்க, இவர் வாசற்கதவை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, "நல்ல வாசலுங்க. பிற்காலத்துல ஒரு செரமமும் இல்ல" என்றார். வீட்டுக்காரர் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு லட்டு வைக்கச் சொன்னார். நான் என் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

குடும்பங்களைப் பற்றி அவருக்கென்று சில முடிவுகள் உண்டு. சாவு வீட்டுக்குள் பெட்டியை இறக்கியதும் அவர் பொதுவாக ஒரு கேள்வி கேட்பார்: "எந்த ப்ளக்கு வேலை செய்யும்?" சென்னையிலிருந்து வந்த மகன்கள் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பார்கள். அடுப்படியிலிருந்து ஒரு மருமகளோ, கட்டிக்கொடுத்த பிறகும் வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு மகளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "அது வேலை செய்யாது. இங்க சொருவுங்க" என்பாள். "அந்தப் பொண்ணுதான் சார் பாத்துக்கினது. மத்தவங்கள்லாம் வந்துட்டுப் போனவங்க" என்பார் வியாகுலம். இதை அவர் சாவு வீட்டில் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் எங்கள் வீட்டு ப்ளக்குகளை ஒருநாள் நான் சோதித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஊரைப் பற்றியும் முடிவுகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆன பிறகு நாற்காலிக்குக் கிராக்கி ஏறிவிட்டது. "காது குத்துக்கும் சேரு, கட்சிக் கூட்டத்துக்கும் சேரு. கேக்கறது ஜாஸ்தி, ஒக்கார்றது கம்மி. வரிசையா போட்டா ஒருத்தனும் ஒக்கார மாட்டான் சார். நாலஞ்சு சேரு மட்டும் போட்டுப் பாருங்க, அடிச்சிக்குவானுங்க." எந்தச் சாதி வீடானாலும், எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும் பெட்டியை அவரே கொண்டுபோய் இறக்குவார். எல்லா வீட்டிலும் அவருக்கு மரியாதை உண்டு. ஒரு வீட்டிலும் அவரைச் சும்மா வந்துபோகச் சொல்லமாட்டார்கள்.

ஆஸ்பத்திரி விஷயம் இன்னும் மோசம். அவருடைய கூட்டாளி பாவாடை, காய்கறிக் கடைக்காரர், போன வருஷம் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டார். வியாகுலம் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனார். வார்டு வாசலில் பாவாடையின் மனைவி குறுக்கே நின்று, "அண்ணா, பழத்தக் குடுங்க. நீங்க உள்ள வர வேணாம், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள். உள்ளே இருந்து பாவாடை, "நான் நல்லாத்தான் இருக்கேன்டா! வெளியவே நில்லு!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் தையல் விட்டுப்போய் இன்னும் இரண்டு நாள் படுத்திருந்தார். யாரிடமும் "உடம்பு எப்படி இருக்கு" என்று விசாரிக்கும் உரிமை ஊரில் வியாகுலத்துக்கு மட்டும் கிடையாது. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. மகள் அனிட்டாவின் கல்யாணப் பேச்சு தொடங்கிய பிறகுதான் பார்த்தேன்.

அனிட்டா கலெக்டர் ஆபீஸில் ஒப்பந்த முறையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி, கொஞ்சம் வாய்க்காரி. போன வைகாசியில் அவளைப் பெண் பார்க்க விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தார்கள். பெட்டியை எங்கே வைப்பது? வியாகுலத்தின் மனைவி ரீத்தா அதன்மேல் பலகை போட்டு, பலகைமேல் பூப்பின்னல் துணி விரித்து, பிளாஸ்டிக் ரோஜா ஜாடியையும் வைத்துவிட்டாள். பார்க்க மேஜை போலவே இருந்தது. பையனின் அம்மா அதன்மேல் பஜ்ஜித் தட்டை வைத்துச் சாப்பிட்டார். காலையில் பெட்டியை ஓடவிட்ட வியாகுலம் ப்ளக்கைப் பிடுங்க மறந்துபோயிருந்தார். மேஜை மெல்ல உறுமியது. அந்த அம்மாள் துணிக்குக் கீழே கையை விட்டுப் பார்த்து, "ஜில்லுனு இருக்குதே! இன்னாங்க இது, புது மாடல் பிரிட்ஜா?" என்று கேட்டார்.

வியாகுலத்துக்குப் பொய் வராது. "பிரிட்ஜு மாதிரிதாங்க" என்றவர், அத்தோடு விட்டிருக்கலாம். "ஆளுங்களுக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கடித்த பஜ்ஜியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எழுந்தார். வந்தவர்கள் அவசரமாகக் கார் ஏறினார்கள். போய்ச் சேர்ந்து போன் செய்கிறோம் என்றார்கள், செய்யவில்லை. ரீத்தா அன்றைக்கு அழுத அழுகை எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அதற்கடுத்து வந்த வரனும் எதையோ கேள்விப்பட்டுப் பாதி வழியில் நின்றுவிட்டது.

இப்போது உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு வரன். பையன் பெயர் சாம். அப்பா சின்னராசுவும் அவனுமாக நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு டயர் மாற்றும் கடை வைத்திருக்கிறார்கள். போட்டோ வந்த நாளிலிருந்து அனிட்டாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. இது வீட்டில் யாருக்கும் தெரியாது, தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். ரீத்தா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம அந்தப் பொட்டி வூட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன். ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

வியாகுலம் பெட்டிக்கு இடம் தேடிப் புறப்பட்டார். பங்குச் சாமியார் நல்லவர், ஆனால் மாதா கோயில் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. அரிசி மண்டி வெங்கடேசனிடம் கிடங்கில் ஒரு மூலை கேட்டார். வெங்கடேசன் இருபது வருஷப் பழக்கம். "உனக்கு இல்லாத எடமாண்ணே? ஆனா காலிப் பொட்டி ஒரு எடத்துக்கு வந்தா சும்மா திரும்பிப் போவாதுன்னு சொல்லுவாங்க. நெரப்பிக்கினுதான் போவும். எங்கப்பா வேற இருமிக்கினு இருக்காரு" என்றார். வியாகுலத்தால் வாதாட முடியவில்லை. சாவு வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவிட்டால், எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் கிடத்தாமல் அதைத் திரும்ப ஏற்றக்கூடாது என்பது அவரே வைத்திருக்கும் சட்டம்.

"அன்னிக்கின்னு யாராவது கூப்ட்டா நல்லாருக்கும்" என்று சனிக்கிழமை சாயங்காலம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன உடனே வாயில் அடித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். ரீத்தா ஜெபமாலையில் என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் ஞாயிறு விடிந்தும் யாரும் கூப்பிடவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது.

ஆகவே பெட்டியை அவருடைய குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றினோம். பெண் பார்க்க வருகிறவர்கள் போகும்வரை எங்கேயாவது சுற்றிக்கொண்டிருப்பது என்று திட்டம். வியாகுலம் பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். கடைசி நேரத்தில் யாராவது பெட்டி கேட்டுப் போன் செய்தால், அதை இறக்கிவிட்டு அப்படியே வீட்டில் போய் உட்காரத் தோதாக இருக்குமாம். துணைக்கு என்னை ஏற்றிவிட்டது ரீத்தா. பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்காது என்பது அவள் கணிப்பு. கணிப்பு சரிதான்.

ஐஸ் பெட்டி வண்டியில் உட்கார்ந்து போவது தனி அனுபவம். எதிரே வருகிறவர்கள் பைக்கை ஓரங்கட்டுகிறார்கள். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என் எழுத்துக்காக இதுவரை யாரும் கும்பிட்டதில்லை. கச்சிராயபாளையம் டீக்கடையில் நிறுத்தியதும் மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "எந்தூர்லங்க?" என்றார். யாரும் இல்லை, சும்மாதான் என்று வியாகுலம் சொன்னார். மாஸ்டர் நம்பவில்லை. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அங்கிருந்த மூன்று பேர் மூன்று ஊருக்குப் போன் போட்டு, அங்கே எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டார்கள்.

மேலே போய், ஒரு கரும்புத் தோட்டத்தை ஒட்டிய புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினோம். எதிரே கல்வராயன் மலை வெயிலில் சும்மா இருந்தது. வியாகுலம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். மரத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு பெண் கையில் விளக்குமாற்றோடு வந்தாள்.

"யாருங்க உங்களுக்கு சொன்னது? ஆளு உள்ள கஞ்சி குடிச்சிக்கினு இருக்காரு! அதுக்குள்ள பொட்டியத் தூக்கிக்கினு வந்துட்டீங்களே, நீங்கல்லாம் மனுசங்கதானா?"

"யம்மா, நாங்க நெழலுக்கு நின்னோம்மா" என்றார் வியாகுலம்.

"ஊர்ல வேற நெழலே இல்லியா?"

சத்தம் கேட்டு உள்ளே இருந்து அவளுடைய மாமனார் வந்தார். சடையன் என்று பெயர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம்தான் திரும்பியிருந்தார். கஞ்சிக் கிண்ணம் இன்னும் கையில் இருந்தது. வண்டியைச் சுற்றி வந்து, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, தன் உயரத்தையும் பெட்டியின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இப்ப வேணாம்ப்பா" என்றார் நிதானமாக. "மூங்கில்துறைப்பட்டு மில்லுலேர்ந்து வெட்டு உத்தரவு வந்துருக்குது. கரும்ப வெட்டி ஏத்தி வுட்டுர்றேன். அப்பறம் பாத்துக்கலாம்."

"செரிங்க" என்றார் வியாகுலம். வேறு என்ன சொல்ல முடியும்?

அங்கிருந்து கிளம்பிக் கோமுகி அணைக்குப் போனோம். அங்கே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தார்கள். வண்டியை ஆளில்லாத ஓரமாகப் பார்த்து நிறுத்தினோம். நாங்கள் நின்றதும் மீதி இடமும் ஆளில்லாமல் போயிற்று. வியாகுலம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார்.

"எனக்கு வெக்கமா இருக்குது சார்" என்றார். "பொட்டியால இல்ல. இதுலதான் ரெண்டு புள்ளைங்களயும் படிக்க வெச்சேன். செத்தவங்க வூட்ல ராவோ பகலோ நான் மூஞ்சி சுளிச்சது கெடையாது. இன்னிக்கி அத ஒளிச்சி வெச்சிக்கினு திருடன் மாதிரி சுத்தறேன் பாருங்க, அதான் வெக்கம். என் தொழிலால அந்தப் பொண்ணு வாழ்க்க நின்னுபோச்சுன்னா, நான் அவ மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

மீன் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அப்போது ரீத்தாவின் போன் வந்தது. வியாகுலம் போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்தார். ரீத்தா அடுப்படியில் நின்று கிசுகிசுப்பாகப் பேசினாள். வந்தவர்கள் அப்பா எங்கே என்று கேட்க, கோயில் வேலையாகப் போயிருக்கிறார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். சின்னராசு, "நாங்களும் இங்க கோயில்ல பூசை பாத்துட்டுதானே வரோம். பங்குச் சாமியாரே உங்க வூட்டுக்கு வழி சொன்னாரு. அவர அங்க காணலியே" என்றிருக்கிறார். பூசைக்கு உள்ளூரிலேயே வருவார்கள் என்பதை ரீத்தா யோசிக்கவில்லை.

"நான் இன்னா சொல்றதுன்னு முழிச்சிக்கினு இருக்கேன், உங்க பொண்ணு காப்பித் தட்டோட வந்து நிக்கறா. 'எங்கப்பா கோயில்ல இல்லங்க. ஐஸ் பொட்டி வாடகைக்கு வுடறாரு. நீங்க பாத்தா பயந்துருவீங்கன்னு அத வண்டில ஏத்திக்கினு காலைலேர்ந்து ஊர் சுத்திக்கினு இருக்காரு. இன்னும் சாப்புடல'ன்னு சொல்லிட்டா. எல்லாம் போச்சு. ஒருத்தரும் காப்பிய எடுக்கலிங்க."

போனில் ஏதோ கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல்: "ஐயா, நான் சின்னராசு பேசறேன். வூட்டுக்கு வாங்க. நேர்ல பேசிக்கலாம்." குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. போன் நின்றுவிட்டது.

வியாகுலம் வண்டியைக் கிளப்பினார். வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டார், தலையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். "நேர்ல பேசிக்கலான்றாரே, வேணான்றத நேர்லதான் சொல்லுவாங்களோ?" என்று என்னைக் கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது, ஆனால் இல்லை என்று சொல்லிவைத்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மறுபடியும் போன். இந்த முறை தெரியாத எண். ஒரு பையனின் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு பேசியது. வியாகுலம் ஓரமாக நிறுத்தினார். "சொல்லுங்க. எந்த ஊரு? பரிகமா? கரண்ட்டு இருக்குதா? வாசக்காலு? செரி." பிறகுதான் கேட்டார், "யாரு தம்பி? அம்மாவா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் வந்துகினே இருக்கேன். ஃபேன் போட்டு வையி, மேல வெயிலு படாம பாத்துக்கோ" என்று வைத்தார்.

விடியற்காலையிலிருந்து இந்த ஒரு அழைப்புக்காகத்தான் அவர் வேண்டிக்கொள்ளாமல் வேண்டிக்கொண்டிருந்தார். வந்த நேரத்தைப் பாருங்கள்! எனக்கு ஆத்திரமாக வந்தது. "வியாகுலம், வேற ஊர்லயும் பொட்டி இருக்கு. சங்கராபுரத்துல சொல்லிவிடுங்க. அங்க உங்க பொண்ணு வாழ்க்கை நிக்குது" என்றேன்.

"சங்கராபுரத்துலேர்ந்து வர்றதுக்கு நேரமாவும் சார். வெயில் எப்படி இருக்குது பாருங்க." அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு காத்துக்கினு இருப்பா. இந்தம்மாவால காத்திருக்க முடியாது." ரீத்தாவுக்குப் போன் செய்து, சாவு விழுந்துவிட்டது, பரிகத்துக்குப் போகிறேன், அவர்களைச் சாப்பிடச் சொல் என்றார். ரீத்தா பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

பரிகத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு. ஊர்க்காரர்கள் கை கொடுத்தார்கள், பெட்டியை ஒருக்களித்து உள்ளே நுழைத்தோம். இறந்தது அந்த வீட்டுத் தலைவி, செல்லியம்மாள், அறுபது வயதுகூட இருக்காது. தரை மேடுபள்ளமாக இருந்ததால் வியாகுலம் குப்புறப் படுத்து, பெட்டியின் கால்களுக்குக் கீழே மரச் சில்லுகளை வைத்துச் சமன் செய்தார். வெள்ளைச் சட்டையில் செம்மண் அப்பியது. பட்டுக்கரை வேட்டியைப் பார்த்து, தூரத்திலிருந்து வந்த பெரிய உறவுக்காரர் என்று நினைத்துவிட்ட சில பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பதான் வர வழி தெரிஞ்சுதா?" என்று அழுதார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை. கையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வந்தவர்கள் போயிருப்பார்கள் என்றுதான் இருவரும் நினைத்தோம். எங்கள் தெருவில் திரும்பியதும் வியாகுலம் பிரேக்கை மிதித்தார். உளுந்தூர்பேட்டை என்று எழுதிய வேன் ஒன்று அவர் வீட்டை ஒட்டிய சந்துக்குள் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சின்னராசு எழுந்து வந்தார். கனத்த ஆள். வியாகுலத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் எங்கள் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தார். குனிந்து கட்டைவிரலால் அதைத் தேய்த்துவிட்டு, "வழுக்கையா இருக்குதே. இத வெச்சிக்கினா மலையாண்ட போய் வரீங்க?" என்றார். பின்னால் நின்ற சாமும் எட்டிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினான். வியாகுலம் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு அங்கேயே நின்றார்.

நிற்காமல் என்ன செய்வார்? சாவு வீட்டுக்குப் போய் வந்தவர், தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் படியேறக் கூடாது. கிறிஸ்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சாமியார் சொல்லத்தான் செய்கிறார், ரீத்தா கேட்பதில்லை. மற்ற நாளாக இருந்தால் சந்து வழியாகப் பின்பக்கம் போய்க் குளித்துவிடுவார். சந்தில் வேன் நிற்கிறது. வேனை எடுக்கச் சொன்னால் கிளம்பச் சொல்வதாக ஆகிவிடும். வாசலில் வாளி வைக்கலாம் என்றால், நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் கண்ணெதிரில் சாவுத் தண்ணீரா? ரீத்தா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவரையும் வந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அனிட்டா, காலையில் கட்டிய பட்டுச் சேலையோடு, அப்பாவின் சட்டையில் இருந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாகுலம் தெருவிலேயே நின்றார். அறுபது வயதை நெருங்குகிற மனிதர், சொந்த வீட்டு வாசலில், ஒப்பிக்கத் தெரியாமல் நிற்கும் பள்ளிக்கூடப் பையனைப் போல.

ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்த சாமின் அம்மா எழுந்தார். வந்ததிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை என்று பிறகு ரீத்தா சொன்னாள். வியாகுலம் வரட்டும் என்று சாப்பிடவும் மறுத்துவிட்டாராம். யாரையும் கேட்காமல் அவர் அடுப்படிக்குப் போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ரீத்தாவை ஒதுக்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு சொம்புமாகப் படியிறங்கி வந்தார். குடத்தை வியாகுலத்தின் காலடியில் வைத்தார். பட்டுச் சேலை நனையாமல் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"குனிங்கண்ணே" என்றார்.

வியாகுலம் குனிந்தார். அந்த அம்மாள் ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு அவர் தலையில் ஊற்றினார்.